சிதறிய தாள்களும் சீர்பெற்ற நூலும்: றொபேட் நொக்ஸின் இலங்கை நினைவுகளை வாசித்தல்

பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் றொபேட் நொக்ஸின் நூலைத் தவிர்த்துச் செல்லுதல் அரிது. வயலும் வரியும், மன்னனின் கோலமும் குடியானவனின் குடிலும், மணவினையும் மரணச் சடங்கும் அந்நூலில் விரிவாகப் பதிவாகியுள்ளன. 1681 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த அது, 1689 இல் ஜெர்மன் மொழியிலும், 1692 இல் ஒல்லாந்த மொழியிலும், 1693 இல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பியர் இலங்கையைக் கண்ட கண்ணாடிகளுள் அது தலையாயது எனலாம்.

ஆயின் அந்நூலைச் சான்றாகக் கொள்வோர் பெரும்பாலும் அதனை ஒரு களஞ்சியமாகவே பயன்படுத்துகின்றனர். வேண்டிய தலைப்பை விரித்து, வேண்டிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, நூலை மூடிவிடுகின்றனர். அது முதலில் நூலாக இருக்கவில்லை என்பதும், ஒழுங்கற்ற தாள்களின் குவியலாகவே இலண்டனை வந்தடைந்தது என்பதும் மறக்கப்படுகின்றன. கதை வலிமை வாய்ந்ததாகவும் எழுத்தமைதி சீர்குலைந்ததாகவும் உள்ள நினைவுக் குறிப்பொன்றை வரலாற்று மாணவன் எவ்வாறு வாசித்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு நொக்ஸைப் போன்று துணைபுரியும் எடுத்துக்காட்டு வேறொன்று எளிதிற் கிடைப்பதன்று.

கதை

நொக்ஸ் 1641 இல் இலண்டனிற் பிறந்தவர். அவருடைய தந்தையும் அதே பெயரினர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியிலிருந்த 'ஆன்' என்னும் கப்பலின் தலைவர். 1659 ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலிற் கப்பலின் பாய்மரம் இழக்கப்பட்டது. அதனைச் செப்பனிடுவதற்காகவும் வணிகம் செய்வதற்காகவும் கப்பல் திருக்கோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660 இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையும் மகனும் உட்பட 16 பேரைச் சிறைப்பிடித்தனர். அந்நிகழ்ச்சியின் நினைவாக 1893 இல் மூதூரில் ஒரு கல் நாட்டப்பட்டது. அங்கிருந்த மரம் 'வெள்ளைக்காரன் மரம்' எனப் பெயர் பெற்றது.

கைதிகள் விலங்கிடப்படவில்லை. அவர்கள் கண்டி இராச்சியத்தின் ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு ஊரவர் மீது சுமத்தப்பட்டது. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தையிற் காய்ச்சலுக்கு ஆளாயினர். 1661 பெப்ருவரியில் தந்தை இறந்தார். இருபது வயதை அப்போதுதான் எட்டிய மகன், நோயினால் மெலிந்திருந்த நிலையில், உடனிருந்த பணியாள் சிறுவன் ஒருவனின் துணையோடு அவரை அடக்கம் செய்தார். பின்னர் ஒரு நாள், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது கைக்கொண்ட ஆங்கில விவிலியமொன்றை முதியவர் ஒருவர் விற்கக் கொணர்ந்தார். தாம் வைத்திருந்த பின்னற் குல்லாயொன்றை விலையாகக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றுக்கொண்டார்.

அதன் பின்னர் அவர் குல்லாய் பின்னியும், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தும், பன்றியும் கோழியும் வளர்த்தும், ஊரூராகச் சிறு வாணிகம் செய்தும் வாழ்ந்தார். கண்டிக்கு அண்மையில் எலதெத்தையில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தார். 1679 செப்டெம்பர் 22 ஆம் நாள், ஸ்டீவன் றட்லண்ட் என்னும் தோழரோடு வணிகர் வேடத்தில் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் அநுராதபுரத்தை அடைந்து, மல்வத்து ஓயா எனவும் அருவியாறு எனவும் வழங்கும் ஆற்றின் வழியே காட்டினூடாக நடந்து, அக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை வந்தடைந்தனர். பத்தொன்பது வயதிற் பிடிபட்டவர் முப்பத்தெட்டு வயதில் விடுதலை பெற்றார்.

தாள்களும் தலைப்புகளும்

மன்னார், கொழும்பு, பத்தாவியா வழியாக 1680 செப்டெம்பரில் நொக்ஸ் இங்கிலாந்தை அடைந்தார். 'சீசர்' என்னும் கப்பலிற் தாயகம் திரும்பிய நெடும் பயணத்தின்போது, வேறு வேலையின்மையால், தம் நினைவிலிருந்தவற்றை எழுதினார். நினைவு பசுமையாக இருந்த காலம் அது. ஆயின் எழுதியவர் கல்விப் பயிற்சி மிக்கவரல்லர். இளமையிற் கடலுக்குச் சென்று, வாலிபம் முழுவதையும் சிறையிற் கழித்தவர். எது முன்னர், எது பின்னர், எது பெரிது, எது சிறிது என்ற வரையறையின்றி நினைவு அழைத்த வழியே அவர் எழுதுகோல் சென்றது. தம் தாள்கள் கலந்தும் வடிவமின்றியும் கிடந்தன எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.

அத்தாள்களைத் தலைப்புகளாகவும் அதிகாரங்களாகவும் வகுத்தவர் அவருடைய உறவினரான ஜோன் ஸ்ட்றைப் என்னும் மதகுரு. நொக்ஸ் சுருக்கமாகத் தொட்டுச் சென்ற சில விடயங்கள் இந்நிலையில் விரிவும் பெற்றன. அக்காலத்தில் இலண்டன் றோயல் சங்கத்தின் செயலாளராயிருந்த றொபேட் ஹூக் நூலாக்கத்தில் ஊக்கம் காட்டி, அதற்கு முன்னுரையும் வழங்கினார். சங்கத்தின் தலைவர் கிறிஸ்தோபர் றென் பரிந்துரை எழுதினார். இவ்விருவரின் ஈடுபாடு தற்செயலானதன்று. ஒரு நாட்டைப் பற்றிப் பயணி எவற்றையெல்லாம் கவனித்துத் திரட்டுதல் வேண்டும் என்பதற்கான தலைப்புகளை 1666 ஆம் ஆண்டிலேயே றொபேட் பொயில் சங்கத்தின் ஏட்டில் வகுத்துத் தந்திருந்தார். நிலம், நீர், காற்று, விளைபொருள், விலங்கு, மக்கள் என்ற அம்முறை, கடலோடிகளின் அனுபவத்தை அறிவாக மாற்றுவதற்கான கருவியாகக் கருதப்பட்டது.

அச்சேறிய நூலின் நான்கு பகுதிகளும் இம்மரபின் சாயலைத் தெளிவாகக் காட்டுகின்றன. முதற்பகுதி நாட்டின் நிலவளத்தையும் பயிர், விலங்கு ஆகியவற்றையும் கூறும். இரண்டாம் பகுதி மன்னனையும் அரசாட்சியையும் கூறும். மூன்றாம் பகுதி மக்களின் சமயம், ஒழுக்கம், வழக்கம், சட்டம், மொழி ஆகியவற்றை விளக்கும். நொக்ஸின் சொந்தக் கதை நான்காம் பகுதிக்குத் தள்ளப்பட்டுள்ளது. வாழ்ந்த ஒழுங்கில் முதலில் நிற்பது, நூலின் ஒழுங்கில் இறுதியில் நிற்கின்றது.

இம்மாற்றத்தினாற் பெற்ற நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும். ஸ்ட்றைப்பின் கைவண்ணம் இன்றேல் அத்தாள்கள் அச்சேறாமலே அழிந்திருக்கக் கூடும். ஆயினும் ஒழுங்கு என்பது வெறும் பெட்டியன்று; அதுவும் ஒரு வாசிப்பாகும். எதை எதனோடு சேர்ப்பது, எதை எதிலிருந்து பிரிப்பது என்ற தீர்ப்பு அதனுள் அடங்கியுள்ளது. அத்தீர்ப்பு நொக்ஸுடையது மாத்திரமன்று என்பதை மாணவன் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பிரிக்கப்பட்டவற்றை இணைத்தல்

இதன் விளைவை 1664 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பற்றிய செய்திகளிற் காணலாம். அவ்வாண்டு டிசெம்பர் 21 ஆம் நாள் நிலம்பையில் இராசசிங்கனுக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டது. மன்னன் தப்பிச் சென்றான். கிளர்ச்சியாளர் இளவரசனை அரியணை ஏற்ற முயன்றனர். இளவரசன் மன்னனிடமே கொண்டுசெல்லப்பட்டதால் அம்முயற்சி சிதறியது. நூலின் இரண்டாம் பகுதியில் இஃது அரசியல் வரலாறாக நிற்கின்றது. ஆயின் அதே கிளர்ச்சி நான்காம் பகுதியிலும் வருகின்றது. சென்னைக் கோட்டையின் ஆளுநர் சேர் எட்வேட் வின்ரரின் முயற்சியாலும் ஒல்லாந்தத் தூதரின் பரிந்துரையாலும் ஆங்கிலக் கைதிகள் விடுவிக்கப்படலாம் என்ற நம்பிக்கை தோன்றி, அவர்கள் அரச சபைக்கு அழைக்கப்பட்டிருந்த வேளையிலேயே கலகம் வெடித்தது. விடுதலை கைக்கெட்டி நழுவியது.

முதற் செய்தியை மாத்திரம் வாசிப்பவன் நடுநிலையான அரசியற் பார்வையாளர் ஒருவரைக் காண்பான். இரண்டையும் இணைத்து வாசிப்பவன், அக்கலகத்தினால் மேலும் பதினைந்து ஆண்டுகளை இழந்த மனிதரொருவர் அதனைப் பற்றிச் சாட்சியம் கூறுவதைக் காண்பான். இராசசிங்கனின் கொடுமை பற்றி நொக்ஸ் கூறுவனவற்றை எடைபோடும்போது இவ்வேறுபாடு சிறியதன்று.

மற்றோர் எடுத்துக்காட்டு மக்களின் ஒழுக்கம் பற்றியது. பொய் கூறுதலைச் சிங்கள மக்கள் இழிவாகக் கருதுவதில்லை என்ற கருத்தை நொக்ஸின் நூல் மூன்றாம் பகுதியில் முன்வைக்கின்றது. தலைப்பின் கீழ் அமைந்த இத்தகைய பொதுத்தீர்ப்புகளே பிற்காலத்தில் எளிதாக எடுத்தாளப்பட்டன. நான்காம் பகுதியிலோ நொக்ஸும் தோழரும் அதிகாரியொருவரின் முன்னிலையில் அமர்ந்து, உலர்ந்த இறைச்சி வாங்க வந்த வணிகர் தாம் எனப் புனைந்துரைத்து உயிர் தப்புகின்றனர். கொடுங்கோல் மன்னனின் ஆட்சியில் உண்மை கூறுவோன் இழக்கவேண்டியது எவ்வளவு என்பதை அவர்களின் சொந்த நடத்தையே காட்டுகின்றது. ஒருபுறம் பிறர் குறையாகவும் மறுபுறம் தம் சாதுரியமாகவும் தோன்றும் இவ்விரு செய்திகளும் ஒரே ஆட்சிமுறையின் விளைவுகள். அதிகாரப் பிரிப்பு இவற்றை ஒன்றையொன்று காணாதவாறு தூரத்தில் வைத்துள்ளது.

பொருள்களுக்கும் இது பொருந்தும். தாளிப்பனை ஓலையின் பரப்பும் பயனும் முதற்பகுதியில் இயற்கை வரலாறாகக் கூறப்படுகின்றன. தப்பியோடும்போது இருவரும் கொண்டுசென்ற பொருள்களுள், மழைக்குக் கூடாரமாக விரிப்பதற்கான இரு பெரிய தாளிப்பனை ஓலைகளும், முள்ளிலிருந்து காலைக் காப்பதற்கான மான்தோலும் இருந்தன. முதலில் அறிவாகத் தோன்றியது இங்கே உயிர் காக்கும் உபாயமாகின்றது. அவர் எவ்வாறு அறிந்தார் என்பதை நான்காம் பகுதியே புலப்படுத்துகின்றது.

அநுராதபுரத்துச் சான்று

தமிழ் மாணவருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நொக்ஸ் அநுராதபுரத்தை அடைந்த இடத்தில் வருகின்றது. தம்மைக் கண்டு வியந்து நின்ற அவ்விடத்து மக்கள் ஆதியில் மலபார்கள் என்றும், ஆயினும் கண்டி மன்னனின் குடிகள் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபார்கள் என வழங்கினர். தாம் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை. இரு மொழியும் அறிந்த ஒருவர் வந்த பின்னரே உரையாடல் இயன்றது.

இக்குறிப்பு இலங்கையின் குடிப்பரம்பல் பற்றிய விவாதங்களிற் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. இதனைப் பெரிதுபடுத்துவோரும் உளர், புறக்கணிப்போரும் உளர். இரு சாராரும் அதன் இடத்தை நோக்குதல் அரிது. இது மூன்றாம் பகுதியின் மொழி பற்றிய அதிகாரத்தில் இடம்பெறவில்லை. அவ்வதிகாரம் சிங்கள மொழியில் மனிதரின் தரத்திற்கேற்ப வழங்கும் விளிச்சொற்களையும் மரியாதைச் சொற்களையும் விளக்குவதோடு அமைகின்றது. வடபாகத்தின் மொழிநிலை நொக்ஸின் ஓட்டக் கதையிலேயே உயிர்பெறுகின்றது.

இவ்விடம் சான்றின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே தீர்மானிக்கின்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிங்களம் பேசி வாழ்ந்த ஒருவர், அம்மொழி பயன்படாத ஓரிடத்தில் நின்று திகைக்கின்றார். பேச்சு விளங்காமையை எவரும் கற்பனை செய்யவேண்டியதில்லை. அதனைக் குறிப்பிடுவதால் அவர் அடையத்தக்க இலாபமும் யாதுமில்லை. ஆதலின் 1679 இல் அவர் கண்ட அவ்விடத்திற் சிங்களம் அறியாத மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கும், அவர்கள் கண்டி மன்னனின் ஆணைக்கு உட்பட்டிருந்தனர் என்பதற்கும் இது உறுதியான சான்றாகும். அதே வேளையில் அவர் கணக்கெடுக்க வந்த அதிகாரியல்லர். பிடிபடும் அச்சத்தோடு சில நாள் தங்கிச் சென்றவர். அம்மக்கள் எவ்வளவு காலமாக அங்கு வாழ்ந்தனர், எவ்வளவு பரப்பிற் பரவியிருந்தனர் என்பனவற்றை இவ்வாக்கியத்திலிருந்து பெற முடியாது. ஆதி பற்றிய அவருடைய சொல் அவர் கண்டதன்று. கேட்டதோ ஊகித்ததோ ஆகும். கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிவதற்கு ஓட்டக் கதையின் வரிசையே வழிகாட்டுகின்றது. வாக்கியத்தை மாத்திரம் பறித்தெடுப்போனுக்கு அவ்வழி அடைபட்டுவிடுகின்றது.

பிற்காலத் தாள்கள்

நொக்ஸின் எழுத்து 1681 உடன் நின்றுவிடவில்லை. இரண்டாம் பதிப்பொன்றை எதிர்நோக்கி அவர் மேலும் சேர்க்கைகளை எழுதிவந்தார். விடுதலைக்குப் பிந்திய தம் வாழ்க்கையைப் பற்றியும் எழுதினார். அப்பதிப்பு அவர் உயிருடனிருந்த காலத்தில் வெளிவரவில்லை. 1720 இல் அவர் இறந்தார். அவ்வாண்டிலேயே வெளிவந்த டானியல் டீபோவின் 'கப்டன் சிங்கிள்டன்' நாவல் நொக்ஸின் கதையைச் சுருக்கி உள்ளடக்கியிருந்தது. புனைகதை அவரை விரைவில் ஏற்றுக்கொண்டது. அவருடைய சொந்தத் தாள்களோ நெடுங்காலம் காத்திருந்தன. ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்திலிருந்த தன்வரலாற்றுக் கையெழுத்து 1911 இல் ஜேம்ஸ் றயனின் பதிப்பில் வெளிவந்தது. 1989 இல் போலுஸின் பதிப்பு நொக்ஸின் இடைத்தாட் சேர்க்கைகளை ஆராய்ந்து வெளியிட்டது.

தன்வரலாற்றுத் தாள்களுக்கு ஸ்ட்றைப் போன்ற ஒருவர் வாய்க்கவில்லை. பயணம், சம்பளத் தகராறு, இறைவனின் கருணை, கம்பனியின் நன்றியின்மை பற்றிய குறைகள் யாவும் அவற்றில் அருகருகே கிடக்கின்றன. இலக்கிய வாசகனுக்கு இது சலிப்பூட்டலாம். வரலாற்று மாணவனுக்கோ சீர்பெற்ற நூல் காட்டாத மனிதனை இத்தாள்களே காட்டுகின்றன.

1684 இல் நொக்ஸ் கம்பனியின் கப்பற் தலைவராக மடகஸ்கார் தீவுக்குச் சென்று, சென்ற் ஹெலினாவுக்காக அடிமைகளை வாங்கினார். பத்தொன்பது ஆண்டுகள் தம் விருப்பத்திற்கு மாறாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஒருவர், விடுதலை பெற்று ஐந்தாண்டு கழிவதற்குள் மனிதரை விலைக்கு வாங்கி ஏற்றிச் சென்றார். 1685 இல் சென்ற் ஹெலினாவில் அவர் கரையில் நின்றபோது, அவருடைய மாலுமிகள் அவரை விட்டுவிட்டுக் கப்பலோடு சென்றனர். பிறர் தமக்கிழைத்த துரோகத்தை அவர் நீள விவரிக்கின்றார். தம் சிறைவாசத்தையும் தாம் ஏற்றிச் சென்றோரின் நிலையையும் ஒப்புநோக்கி ஒரு தீர்ப்புக் கூறும் அதிகாரம் எதுவும் அவர் எழுத்தில் அமையவில்லை. திறமையான பதிப்பாசிரியர் ஒருவர் இவ்விடைவெளியை ஒரு சமாதானத்தாலோ நீக்கத்தாலோ மூடியிருக்கக் கூடும். மூடப்படாமையினால் அக்கால ஆங்கிலக் கடலோடியின் மனச்சாட்சி எதைக் கண்டது, எதைக் காணவில்லை என்பது வெளிப்படையாக நிற்கின்றது. 'சிறைப்பட்டோன்' என்ற ஒரே கோலத்தில் நொக்ஸை அறிந்த வாசகர், இலங்கையைப் பற்றிய அவருடைய தீர்ப்புகளையும் இவ்வொளியில் மீண்டும் நோக்கவேண்டியவராகின்றனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறத்தக்க கருத்து ஒன்று. நினைவுக் குறிப்பின் ஒழுங்கின்மை நீக்கவேண்டிய குறை மாத்திரமன்று; அதுவும் ஒரு சான்றாகும். எழுதியவன் எதை எதனோடு சேர்த்து நினைத்தான், எவ்விடத்தில் மௌனமானான், எதற்கு மீண்டும் மீண்டும் திரும்பினான் என்பன அதிற் பதிந்திருக்கும். சீர்பெற்ற நூல் கிடைக்குமிடத்து அதனை நன்றியோடு பயன்படுத்தலாம். ஆயின் தலைப்புகளுக்குப் பின்னால் ஒரு மனிதன் கடந்துவந்த வழியை மீளக் கட்டியெழுப்பிய பின்னரே மேற்கோளுக்குக் கை நீட்டுதல் வேண்டும். சீர்பெறாத தாள்கள் கிடைக்குமிடத்து நடையின் குறைகண்டு ஒதுக்காது, நிகழ்ச்சிகளின் கால வரிசையைத் தனியே குறித்துக்கொண்டு, எழுதப்பட்ட வரிசையையும் அழியாது பேணுதல் வேண்டும்.

இவ்வறிவு பதினேழாம் நூற்றாண்டுக்கு மாத்திரம் உரியதன்று. இந்நாட்டின் வீடுகளிலும் ஆசிரியரின் குறிப்பேடுகள், வணிகரின் கணக்கேட்டு ஓரங்கள், இடம்பெயர்ந்தோர் எழுதிவைத்த நினைவுகள் எனப் பல தாள்கள் கட்டவிழ்ந்து கிடத்தல் கூடும். மொழிப் பிழை மலிந்தவை என்றும், முன்பின் முரணானவை என்றும் கருதி அவற்றைத் திருத்தி எழுதிய பின் மூலத்தை எறிந்துவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. திருத்துவதற்கு முன் உள்ளவாறே படியெடுத்து வைத்தல் எளிய செயல். நொக்ஸின் பிற்காலத் தாள்கள் அச்சேறுவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. அவை எவராலும் எறியப்படாமையினாலேயே அக்காத்திருப்புக்குப் பயன் விளைந்தது.